காணிக்கைக் கணக்கு யாருடைய பொறுப்பு? வாசகர் கேள்வி பதில்

சபையின் பணத்தை எப்படிக் கையாள வேண்டும் என்பதைப் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். எழுதியவர்களின் பெயரும் சபைகளின் பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளன. நீண்ட கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பதிவு, வரி தொடர்பான சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறுபடுவதால், அவற்றை அந்தந்த இடத்துச் சட்டம் அறிந்த கணக்காளரிடமே கேட்டறிய வேண்டும்.

கேள்வி: எங்கள் சபையில் பல ஆண்டுகளாகப் பொருளாளராக இருக்கிறேன். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பையை வீட்டுக்குக் கொண்டுபோய், எண்ணிக் குறித்துவைத்து, மறுநாள் வங்கியில் கட்டிவிடுவேன். இதுவரை ஒரு காசும் குறைந்ததில்லை. குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர், இனிமேல் இரண்டு பேர் சபையிலேயே உட்கார்ந்து எண்ண வேண்டும் என்கிறார். யோவாஸ் ராஜாவின் காலத்தில் ஆலயப் பணத்தைக் கையாண்டவர்கள் உண்மையாய் நடந்தபடியால் அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்று வேதத்திலேயே இருக்கிறது. என்னைச் சந்தேகிக்கிறார்கள் என்றால் பொறுப்பை விட்டுவிடலாமா?

பதில்: ஐயா, பொறுப்பை விட வேண்டாம்; இத்தனை ஆண்டு உண்மையாய் உழைத்த உங்களுக்கு இந்தப் பேச்சு வலித்திருக்கும் என்பதும் புரிகிறது. ஆனால் நீங்கள் குறிப்பிடும் 2 இராஜாக்கள் 12:15-ஐ, அதற்கு முன்னுள்ள வசனங்களோடு சேர்த்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஆலயத்தைப் பழுதுபார்க்கும் பணத்தை வாங்கி வேலையையும் நடத்தும் பொறுப்பு முதலில் ஆசாரியர்களிடமே விடப்பட்டிருந்தது. யோவாஸ் அரசாண்ட 23-ஆம் ஆண்டு வரையிலும் பழுது பார்க்கப்படவில்லை. அதன்பிறகுதான் ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, அதன் மூடியில் துவாரமிட்டு, பலிபீடத்தின் அருகே வைத்தார். பெட்டியில் பணம் சேர்ந்தபோது யார் வந்து எண்ணினார்கள் என்று 10-ஆம் வசனம் சொல்கிறது: ராஜாவின் எழுத்தரும் பிரதான ஆசாரியரும் சேர்ந்து வந்தார்கள். ஒருவர் அரண்மனையைச் சேர்ந்தவர், மற்றவர் ஆலயத்தைச் சேர்ந்தவர். இருவரும் சேர்ந்து எண்ணிப் பைகளில் கட்டிய பணம்தான் வேலையை மேற்பார்த்தவர்களிடம் கொடுக்கப்பட்டது. கணக்குக் கேட்கப்படாதவர்கள் அந்த மேற்பார்வையாளர்கள். அவர்கள் கைக்குப் போன தொகை எவ்வளவு என்பது அதற்கு முன்பே இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது. எனவே அந்த அதிகாரம் உங்கள் குழுவின் புதிய உறுப்பினர் சொல்வதற்கே ஆதாரமாக நிற்கிறது.

எஸ்றா 8-ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். பாபிலோனிலிருந்து எருசலேமுக்குக் காணிக்கையைக் கொண்டுபோவதற்காக எஸ்றா 12 பேரைத் தெரிந்துகொண்டு, 650 தாலந்து வெள்ளியையும், 100 தாலந்து பொன்னையும், பாத்திரங்களையும் அவர்களிடம் நிறுத்துக் கொடுத்தார். அவர்களைப் பரிசுத்தமானவர்கள் என்று அவரே அழைக்கிறார். அப்படி அழைத்த பிறகும், எருசலேமில் ஆலயத்திலே நிறுத்து ஒப்புவிக்கும்வரை விழிப்பாய்க் காத்துக்கொள்ளுங்கள் என்கிறார். போய்ச் சேர்ந்த நான்காம் நாளில் எல்லாம் மறுபடியும் நிறுக்கப்பட்டு, எண்ணிக்கையும் நிறையும் எழுதிவைக்கப்பட்டன. கொண்டுபோனவர்கள் யாரும் அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டதாக அங்கே இல்லை. நிறுத்து ஒப்படைத்த அந்த நேரத்தில், வழியில் ஏதாவது குறைந்திருக்குமோ என்ற கேள்வியே அவர்கள்மேல் எழாதபடி ஆயிற்று.

உங்கள் நிலைமையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாளைக்கு ஒருவர், தாம் போட்ட உறை கணக்கில் வரவில்லை என்று சொல்லிவிட்டால், நீங்கள் என்ன காட்டுவீர்கள்? பையை நீங்களே எடுத்தீர்கள், நீங்களே திறந்தீர்கள், நீங்களே எண்ணினீர்கள், நீங்களே எழுதினீர்கள். உங்கள் நேர்மையைத் தவிர வேறு சாட்சி இல்லாத இடத்தில் சபை உங்களை நிறுத்திவைத்திருக்கிறது. இது சபை உங்களுக்குச் செய்துவரும் அநியாயம் என்றே நான் கருதுகிறேன். புதிய உறுப்பினர் அதை நீக்கப் பார்க்கிறார். ஒருவேளை அவர் சொன்ன விதம் கரடுமுரடாக இருந்திருக்கலாம். அதற்காக அவர் சொன்னதைத் தள்ள வேண்டாம்.

நடைமுறை இப்படி இருக்கட்டும். ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர், ஆராதனை முடிந்த உடனேயே, சபை வளாகத்திலேயே எண்ண வேண்டும். ஆட்கள் மாதத்துக்கு மாதம் மாறிவந்தால் இன்னும் நல்லது. நோட்டுகளும் நாணயங்களும் எத்தனை, உறைகள் எத்தனை, எந்த உறை எந்த நிதிக்கு என்பதை ஒரு எண்ணிக்கைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாளின் ஒரு பிரதி உங்களுக்கும், இன்னொன்று செயலருக்கும் போக வேண்டும். எண்ணிய பணம் முழுவதும், அதிலிருந்து எந்தச் செலவும் செய்யப்படாமல், அப்படியே வங்கிக்குப் போக வேண்டும். "இன்று பந்தல்காரருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது, காணிக்கையிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டோம்" என்ற பழக்கம் பல சபைகளில் சாதாரணமாக நடக்கிறது. வரவையும் செலவையும் ஒருசேர மறைத்துவிடுகிற பழக்கம் அது. மாத முடிவில், எண்ணிக்கையிலும் வங்கி வேலையிலும் சேராத மூன்றாவது ஒருவர், எண்ணிக்கைத் தாள்களை வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த ஏற்பாட்டை நீங்களே முன்மொழியுங்கள்; பொருளாளரே கேட்கும்போது சந்தேகம் என்ற பேச்சுக்கே இடமிராது.

கேள்வி: புதிய ஆலயம் கட்டுவதற்காக மக்கள் கொடுத்த பணம் வங்கியில் கணிசமாக இருக்கிறது. பொதுக் காணிக்கை குறைந்ததால், சில மாதங்களாகச் சம்பளத்தையும் மின்கட்டணத்தையும் அதிலிருந்து கொடுத்துவருகிறோம். வந்தவுடன் திருப்பி வைத்துவிடலாம் என்கிறார் எங்கள் போதகர். எல்லாம் கர்த்தருடைய பணம்தானே?

பதில்: எல்லாம் கர்த்தருடைய பணம்தான். ஆனால் அந்தப் பணத்தைக் கொடுத்தவர்கள் ஒரு நோக்கத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள், சபையும் அந்த நோக்கத்தைச் சொல்லியே வாங்கியது. அந்த உடன்பாடு இருக்கும்போது குழுவுக்கு அதை வேறு காரியத்துக்குத் திருப்பும் அதிகாரம் இல்லை. பல நாடுகளில் சட்டமும் அதையே சொல்கிறது.

மேலே சொன்ன யோவாஸின் வரலாற்றிலேயே இதற்கும் வழிகாட்டல் இருக்கிறது. பழுதுபார்க்க வந்த பணத்தில் ஆலயத்துக்கு வெள்ளிக் கிண்ணங்களோ எக்காளங்களோ செய்யப்படவில்லை, அது வேலைக்காரருக்கே கொடுக்கப்பட்டது என்று 2 இராஜாக்கள் 12:13, 14 கூறுகின்றன. கிண்ணங்களும் ஆலயத்துக்குத் தேவையானவைதான், ஆனாலும் செய்யவில்லை. இதே வரலாற்றைச் சொல்லும் 2 நாளாகமம் 24:14, வேலை முடிந்த பின் மீந்த பணம் ராஜாவுக்கும் யோய்தாவுக்கும் முன்பாகக் கொண்டுவரப்பட்டது என்றும், அதிலிருந்து பாத்திரங்கள் செய்யப்பட்டன என்றும் சேர்த்துச் சொல்கிறது. முதலில் நோக்கம் நிறைவேறியது. மீதி வெளிப்படையாக முன்வைக்கப்பட்டது. பொறுப்பானவர்களின் அறிவோடு அது வேறு பயனுக்குப் போனது. இந்த வரிசையை மாற்றாமல் கைக்கொண்டால் போதும்.

உங்கள் சபையில் இந்தக் குழப்பம் வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் கெட்ட எண்ணமாக இராது. வங்கி இருப்பு என்ற ஒரே எண்ணைப் பார்த்து முடிவெடுப்பதால் வருகிற குழப்பம் இது. வங்கியில் 100 பங்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 70 பங்கு கட்டட நிதி, 10 பங்கு ஏழைகள் நிதி, 5 பங்கு மிஷனரிப் பணிக்கு அனுப்பப்பட வேண்டியது என்றால், அன்றாடச் செலவுக்குச் சபையிடம் இருப்பது 15 பங்குதான். ஆனால் பாஸ் புத்தகம் 100 என்றே காட்டும். ஆகவே ஒவ்வொரு மாதமும் பொருளாளர் கொடுக்கும் அறிக்கையில் ஒவ்வொரு நிதிக்கும் தனிப் பத்தி இருக்க வேண்டும்: தொடக்க இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு. முடிந்தால் கட்டட நிதிக்குத் தனி வங்கிக் கணக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை எடுத்ததற்கு, எத்தனை மாதத்தில் எவ்வளவு எடுக்கப்பட்டது என்பதைக் கூட்டி, சபையார் முன் வைத்து, திருப்பி வைப்பதற்கு ஒரு கால அட்டவணையை அறிவியுங்கள். பொதுக் காணிக்கை குறைந்திருப்பதையும் அதே கூட்டத்தில் சொல்லுங்கள். உண்மையான நிலையைச் சபைக்கு மறைத்துக்கொண்டே சபை கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

கேள்வி: நான் ஒரு போதகரின் மனைவி. எல்லாச் செலவும் போக மாத இறுதியில் மீதி இருப்பதே எங்களுக்குச் சம்பளம். சில மாதங்களில் ஒன்றுமே இருப்பதில்லை. ஊழியக்காரர் விசுவாசத்தால் பிழைக்க வேண்டும் என்று குழுவில் ஒருவர் சொன்னார். கேட்பதற்கு என் கணவர் கூச்சப்படுகிறார். நாங்கள் கேட்பது தவறா?

பதில்: அம்மா, தவறே இல்லை. சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தால் பிழைப்பு உண்டாக வேண்டும் என்று கர்த்தர் கட்டளையிட்டிருக்கிறார் என்பது 1 கொரிந்தியர் 9:14. பவுல் கூடாரத் தொழில் செய்து தம் கையாலே உழைத்ததைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் அதே அதிகாரத்தில் பவுல், தமக்கு உரிமை இருக்கிறது என்று நீளமாக நிறுவிய பிறகே அதைத் தாம் பயன்படுத்தவில்லை என்கிறார். உரிமையை விட்டுக்கொடுப்பது ஊழியக்காரரின் விருப்பம். அவர் விட்டுக்கொடுத்தே தீர வேண்டும் என்று சொல்லுகிற இடத்தில் சபை இல்லை.

நெகேமியாவின் காலத்தில் ஆலயப் பணி செய்த லேவியருக்கு உரிய பங்கு கொடுக்கப்படாததால் அவர்கள் பணியை விட்டுத் தங்கள் வயல்களுக்குப் போய்விட்டார்கள். நெகேமியா அந்த லேவியரைக் கடிந்துகொள்ளவில்லை. தேவனுடைய ஆலயம் கைவிடப்பட்டுப் போவானேன் என்று தலைவர்களோடு வழக்காடினார். அதோடு நில்லாமல், உண்மையுள்ளவர்கள் என்று எண்ணப்பட்ட சிலரைப் பண்டகசாலைகளுக்குப் பொறுப்பாக்கிப் பங்கீட்டை ஒழுங்குபடுத்தினார் (நெகேமியா 13:10-13). விசுவாசத்தால் பிழைப்பதைப் பற்றிப் பேசிய அந்தக் குழு உறுப்பினர் இந்தப் பகுதியை மனத்தில் கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

குழு செய்ய வேண்டியவை இவை. போதகரின் மாத ஊதியம் ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுத்தில் தீர்மானிக்கப்பட்டு, குறித்த தேதியில், மற்றச் செலவுகளுக்கு முன்பாகக் கொடுக்கப்பட வேண்டும். அதைத் தீர்மானிக்கும் நேரத்தில் போதகரும் அவருடைய குடும்பத்தாரும் கூட்டத்தில் இருக்கக் கூடாது. அது அவர்களுக்கும் நல்லது, பேசுகிறவர்களுக்கும் எளிது. பயணம், தொலைபேசி, விருந்தினர் உபசரிப்பு போன்ற ஊழியச் செலவுகளைச் சம்பளத்தோடு கலக்காமல், ரசீதின் பேரில் தனியே திருப்பிக் கொடுக்க வேண்டும். மருத்துவச் செலவுக்கும் ஓய்வுக் காலத்துக்கும் சிறிதளவாவது ஒதுக்க வேண்டும். முதுமையில் தங்க வீடில்லாமல் தவிக்கிற ஊழியக்காரரின் நிலைமைக்கு, அவர் பணி செய்த காலத்தில் யாரும் இதைப் பற்றிப் பேசாததே பெரும்பாலும் காரணம். சபையால் முழு ஊதியம் கொடுக்க முடியவில்லை என்றால், அதை ஒளிவில்லாமல் சொல்லி, போதகர் பகுதி நேரம் வேறு வேலை பார்க்க இடம் கொடுத்து, அதற்கேற்றபடி அவரிடம் எதிர்பார்க்கும் பணியையும் குறைக்க வேண்டும்.

உங்கள் கணவருக்குக் கூச்சம் என்றால், குழுவில் அவர் நம்பும் ஒருவரிடம் இந்தக் கடிதத்தில் எழுதியதை அப்படியே சொல்லுங்கள். பெரும்பாலான சபைகளில் யாரும் அந்தக் குடும்பத்தின் நிலையை உட்கார்ந்து யோசித்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: எங்கள் சபையில் ஆண்டுக்கு ஒருமுறை மொத்த வரவு, மொத்தச் செலவு என்று இரண்டு எண்களை மட்டும் வாசிப்பார்கள். விவரம் கேட்டேன். வலதுகை செய்வதை இடதுகை அறியக் கூடாது என்று ஒரு மூப்பர் சொன்னார். கணக்குக் கேட்பது விசுவாசக் குறைவு என்று இன்னொருவர் சொன்னார். நான் எதுவரை கேட்கலாம்?

பதில்: மத்தேயு 6:3 தர்மம் செய்கிறவருக்குச் சொன்னது. பிறருடைய தர்மத்தைப் பொறுப்பாகப் பெற்றுக்கொண்டவர் அதன் பின்னால் நின்றுகொள்ள முடியாது. அப்படிப் பெற்றுக்கொண்டவர் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு 2 கொரிந்தியர் 8:20, 21-ஐப் பார்க்க வேண்டும். எருசலேமிலிருந்த ஏழைகளுக்காகச் சேர்ந்த பெருந்தொகையைக் குறித்து ஒருவரும் தங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு எச்சரிக்கையாயிருப்பதாகவும், கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுவதாகவும் பவுல் எழுதுகிறார். அதற்காகத் தீத்துவோடு, சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட ஒரு சகோதரரையும் அனுப்புகிறார். பணத்தைக் கொண்டுபோகிறவர்களை நீங்களே தகுதியுள்ளவர்கள் எனக் குறிக்க வேண்டும் என்று 1 கொரிந்தியர் 16:3-இல் கொரிந்து சபையாரிடமே விடுகிறார். அப்போஸ்தலர் 20:4-இல் பவுலோடு பயணம் செய்த ஏழு பேரின் பெயர்கள் வருகின்றன. பல சபைகளைச் சேர்ந்த அவர்கள் இந்தத் தர்மப்பணத்தோடு அனுப்பப்பட்ட பிரதிநிதிகள் என்பது விளக்கவுரையாளர் பலருடைய கருத்து. "என்னை நம்புங்கள்" என்று சொல்லும் தகுதி பவுலுக்கு இருந்தது. அவர் அதைச் சொல்லிவிட்டுத் தனியே பணத்தைக் கொண்டுபோகவில்லை.

நீங்கள் கேட்கக் கூடியவை: ஒவ்வொரு நிதியின் தொடக்க இருப்பும் இறுதி இருப்பும், வரவு எந்தெந்த வகையில் வந்தது, ஊதியம், கட்டடப் பராமரிப்பு, ஏழைகளுக்கு உதவி, வெளி ஊழியம் என்று தலைப்பு வாரியாகச் செலவு, சபைக்கு இருக்கும் கடன், கணக்கை யார் தணிக்கை செய்தார், அவர் என்ன எழுதினார். சபையின் சட்டதிட்டப் புத்தகம் இருந்தால், கணக்கு எப்போது யாரிடம் வைக்கப்பட வேண்டும் என்று அதில் இருக்கும்; முதலில் அதைப் படியுங்கள். கேட்கக் கூடாதவையும் உண்டு: எந்த உறுப்பினர் எவ்வளவு கொடுத்தார், எந்தக் குடும்பம் உதவி பெற்றது என்பவை.

கேள்வியை எழுத்தில், ஒரு பக்கத்துக்குள், ஆண்டுக் கூட்டத்துக்கு முன்பே கொடுங்கள். கூட்டத்தின் நடுவே திடீரென எழுந்து கேட்டால், பதில் தயாராக இல்லாதவர் தற்காப்புக்காகப் பேச நேரிடும். அவகாசம் கொடுத்தால் பல குழுக்கள் விவரத்தைக் கொடுத்துவிடும். கொடுக்க மறுத்தால், கேட்பதை நிறுத்த வேண்டாம். உங்களோடு இதே கவலை உள்ள இரண்டு மூன்று பேர் சேர்ந்து, மரியாதையோடு மறுபடியும் கேளுங்கள்.

கேள்வி: கைப்பேசி வழியாகக் காணிக்கை அனுப்புகிறவர்கள் கூடிவிட்டார்கள். இப்போதைக்கு அது போதகரின் சொந்தக் கணக்குக்குப் போகிறது. அவர் மாதம் ஒருமுறை சபைக் கணக்குக்கு மாற்றிவிடுகிறார். பரவாயில்லையா?

பதில்: உடனே மாற்றுங்கள். சொந்தக் கணக்கில் விழுந்த பணம், சட்டத்தின் பார்வையில் போதகரின் வருமானமாகவே தோன்றும். அவருக்கு வரித் தொல்லை வரலாம், எதிர்பாராமல் அவர் காலமானால் சபையின் பணம் அவருடைய சொத்தோடு சேர்ந்துவிடும். சபையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கோடு மட்டுமே கியூஆர் குறியீடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். வெளியே பணம் அனுப்புவதற்கு இரண்டு பேரின் ஒப்புதல் தேவைப்படுமாறு வங்கியில் கேட்டு அமைத்துக்கொள்ளுங்கள்; கடவுச்சொல்லும் ஓடிபியும் ஒரே ஆளிடம் இருந்தால் இரண்டு கையெழுத்து என்ற ஏற்பாடு பெயரளவில்தான் இருக்கும். காசோலை பயன்படுத்துகிற சபைகளில், ஒருவர் வெளியூர் போகிறார் என்பதற்காக வெற்றுக் காசோலைகளில் முன்கூட்டியே கையெழுத்திட்டு வைப்பதும் இப்படிப்பட்டதே.

கேள்வி: காணிக்கை கொடுத்தவர்களின் பெயரையும் தொகையையும் ஆராதனையில் வாசிக்கிறார்கள். கொஞ்சமாகக் கொடுக்கிறவர்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வாசிக்காவிட்டால் கொடுப்பது குறைந்துவிடும் என்கிறது குழு.

பதில்: கொடுத்ததற்குத் தனித்தனியே ரசீது கொடுப்பது கணக்குக்குப் போதுமானது. பெயரையும் தொகையையும் வாசிப்பதால் கணக்கில் எதுவும் கூடுதலாகத் தெளிவாவதில்லை. ஏழைகள் வெட்கப்படுகிறார்கள், பணக்காரர்கள் போட்டியிடுகிறார்கள். பொன்மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இடமும் ஏழைக்குப் பாதபடியண்டையில் இடமும் கொடுப்பதை யாக்கோபு 2-ஆம் அதிகாரம் கண்டிக்கிறது. உங்கள் சபையில் அது பட்டியல் வடிவத்தில் நடக்கிறது. கி.பி. 197-ஐ ஒட்டிக் கார்த்தேஜ் நகரில் எழுதிய தெர்த்துல்லியன், தங்கள் சபையில் மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் தாம் விரும்பினால், தம்மால் முடிந்தால் மட்டுமே சிறுதொகை கொடுக்கிறார்கள் என்றும், யாரும் கட்டாயப்படுத்தப்படுவதில்லை என்றும், அந்தப் பணம் ஏழைகளை அடக்கம் செய்யவும், ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் செலவாகிறது என்றும் குறிப்பிட்டிருக்கிறார். அந்தச் சபை கொடுத்தவர்களைச் சொல்லிப் பெருமைப்படவில்லை, பணம் எங்கே போயிற்று என்பதைச் சொல்லியது. நீங்களும் பெயர்ப் பட்டியலுக்குப் பதிலாக, கடந்த மாதக் காணிக்கையால் என்ன நடந்தது என்பதை இரண்டு நிமிடம் வாசித்துப் பாருங்கள்.

கேள்வி: புதிதாகச் செயலராக வந்தேன். பழைய கணக்கைப் பார்த்தபோது, பொருளாளர் சபைப் பணத்தைச் சொந்தத் தேவைக்கு எடுத்திருப்பது தெரிகிறது. தனியே கேட்டேன், பிள்ளையின் மருத்துவச் செலவுக்குக் கடனாக எடுத்ததாகவும், திருப்பிவிடுவதாகவும் அழுதார். நல்ல மனிதர். வெளியே தெரிந்தால் சபையின் பெயர் கெட்டுவிடும். மன்னித்து விட்டுவிடலாமா?

பதில்: மன்னிக்கத்தான் வேண்டும். விட்டுவிட முடியாது. இரண்டும் வேறு வேறு.

அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. நம்பிக்கையான பொறுப்பில் இருந்துகொண்டு பணத்தைக் கையாடியவர்களைச் சிறையில் சந்தித்துப் பேசி, 1953-இல் தம் முடிவுகளை வெளியிட்ட அமெரிக்கக் குற்றவியல் அறிஞர் டொனால்ட் கிரெஸி, அவர்களிடம் மூன்று காரியங்களைக் கண்டார்: யாரிடமும் வெளியே சொல்ல முடியாத ஒரு பண நெருக்கடி, யாருக்கும் தெரியாமல் அதைத் தீர்த்துக்கொள்ளக் கையில் ஒரு வாய்ப்பு, திருடுகிறோம் என்று எண்ணாமல் கடன் வாங்குகிறோம் என்று தம் மனத்துக்கே சொல்லிக்கொண்ட ஒரு சமாதானம். உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன. முதலாவதில் சபைக்கும் பங்கு உண்டு: பிள்ளை நோயாய்க் கிடந்தபோது சபையிடம் உதவி கேட்க அவரால் முடியாமல் போனது ஏன் என்று குழு தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவதற்கு முழுப் பொறுப்பும் சபையினுடையதே.

இனி செய்ய வேண்டியது. இதை நீங்கள் ஒருவராகவே சுமக்க வேண்டாம். அப்படிச் சுமந்தால் நாளைக்கு மறைத்தவர் என்ற பழி உங்கள்மேல் விழும். மத்தேயு 18:15, 16-இன்படி தனியே பேசிவிட்டீர்கள். அடுத்தபடியாகப் போதகரோடும் குழுத் தலைவரோடும் சேர்ந்து பேசுங்கள். புத்தகங்கள், ரசீதுகள், வங்கி அறிக்கைகள் எல்லாவற்றையும் பட்டியலிட்டு இரண்டு பேர் பொறுப்பில் வையுங்கள். வங்கியில் கையெழுத்திடும் அதிகாரத்தை அன்றே மாற்றுங்கள். சபைக்கு வெளியிலிருந்து ஒரு கணக்காளரைக் கொண்டு முழுத் தொகையையும் கண்டறியுங்கள், ஏனென்றால் அழுதுகொண்டு சொல்லும் முதல் தொகை பெரும்பாலும் முழுத் தொகையாக இருப்பதில்லை. உங்கள் நாட்டுச் சட்டம் இதைக் காவல்துறைக்கோ பதிவு அதிகாரிக்கோ தெரிவிக்கச் சொல்கிறதா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டு, சொல்கிறது என்றால் அப்படியே செய்யுங்கள். திருப்பிக் கொடுப்பதை எழுத்தில் ஒப்பந்தமாக்குங்கள். சகேயு மனந்திரும்பியபோது, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகத் தாமே முன்வந்து சொன்னார். பொருளாளருடைய பிள்ளையின் சிகிச்சைக்கு இன்னும் தேவை இருந்தால், அதை ஏழைகள் நிதியிலிருந்து, தீர்மானம் எழுதி, முறைப்படி கொடுங்கள். பணப்பொறுப்பு மட்டும் மறுபடியும் அவரிடம் போகக் கூடாது. அது தண்டனை என்று எண்ண வேண்டாம். அதே சோதனைக்குள் அவரை மீண்டும் தள்ளாதிருப்பது அவருக்குச் செய்யும் உதவி.

சபையாருக்குச் சொல்ல வேண்டுமா என்றால், சொல்ல வேண்டும். பணம் அவர்களுடையது. எவ்வளவு குறைந்தது, எவ்வளவு திரும்பியது, இனி என்ன ஏற்பாடு என்பதைச் சுருக்கமாக, குடும்பத்தின் மருத்துவ விவரங்களைத் தொடாமல் சொல்லுங்கள். மறைத்த சபையின் பெயர், உண்மை வெளிவரும் நாளில் இரட்டிப்பாகக் கெடும்.

கேள்வி: நாங்கள் மொத்தம் முப்பது பேர் கூடும் சிறிய சபை. கணக்குப் படித்தவர் யாரும் இல்லை. தணிக்கைக்குப் பணம் கொடுக்கவும் முடியாது. என்னதான் செய்வது? பொருளாளர் மாறப்போகிறார்.

பதில்: சிறிய சபைக்கு மென்பொருள் தேவையில்லை. பக்க எண் அச்சிட்ட ஒரு ரொக்கப் புத்தகம், தொடர் எண் இட்ட ரசீதுப் புத்தகம், செலவுச் சீட்டுகளைத் தேதி வரிசையில் கோக்க ஒரு கோப்பு, இவை போதும். எழுதியதை வெள்ளை மை பூசி அழிக்காமல், ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் திருத்தி எழுதிக் கையெழுத்திடுங்கள். ரசீது கிடைக்காத சிறு செலவுக்கு, பணம் பெற்றவரின் கையெழுத்தோடு நீங்களே ஒரு சீட்டு எழுதலாம். சில்லறைச் செலவுக்கு ஒரு நிலையான சிறுதொகையைத் தனியே வைத்து, செலவான அளவுக்கு மட்டும் சீட்டுகளைக் காட்டி நிரப்பிக்கொண்டால், எந்த நேரத்திலும் கையிலுள்ள பணமும் சீட்டுகளும் சேர்ந்து அந்தத் தொகைக்குச் சமமாக இருக்கும்.

தணிக்கைக்கு, பக்கத்திலுள்ள வேறொரு சபையின் பொருளாளரைக் கேளுங்கள். அவருடைய சபைக் கணக்கை உங்களில் ஒருவர் பார்த்துக் கொடுக்கலாம். உங்கள் பொருளாளரின் உறவினரோ, செலவுக்கு ஒப்புதல் கொடுக்கிறவரோ பார்க்கக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை.

பொருளாளர் மாறும் நாளில் பழையவர், புதியவர், மூன்றாவதாக ஒருவர் என மூன்று பேரும் ஒன்றாக உட்காருங்கள். கையிருப்பை எண்ணுங்கள், வங்கி இருப்பை அன்றைய தேதியில் எடுத்த அறிக்கையோடு ஒப்பிடுங்கள், பயன்படுத்தாத ரசீதுகளின் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும், மீதியுள்ள காசோலைகளின் எண்களையும், பத்திரங்கள், சாவிகள், இணைய வங்கிக் கணக்கு விவரங்களையும் ஒப்படைப்புப் பட்டியலில் எழுதுங்கள். கொடுக்க வேண்டியவை, வர வேண்டியவை இருந்தால் அவற்றையும் சேருங்கள். மூவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டு, கடவுச்சொற்களையும் வங்கிக் கையெழுத்தையும் அந்த வாரத்துக்குள் மாற்றிவிடுங்கள்.